கொத்மலையில் ஒரு நத்தார்ப் போறணை

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் குசினியில் முட்டைக்கு இடமில்லை. அத்தகைய வீட்டைச் சேர்ந்த நான், 2024ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை, கொத்மலையில் ஒரு கிறிஸ்தவ நண்பரின் வீட்டுப் பின்முற்றத்தில் அமர்ந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து மஞ்சட்கருவை வேறாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதனை என் தாயார் அறிந்தால் என்ன சொல்வார் என்று எண்ணும்போதே சற்று நடுக்கமாகத்தான் இருந்தது. ஆயினும் அன்று நான் அங்கே சென்றது கேக் தின்பதற்கன்று. இரண்டாண்டுகளுக்கு முன் நானே எழுதிய ஒரு கடிதத்தின் கடனைத் தீர்ப்பதற்கு.

கடிதத்தின் கதையைப் பின்னர் சொல்லுகிறேன். முதலில் வழியைச் சொல்லிவிடுவது நல்லது.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பஸ் வண்டி கம்பளையைக் கடந்ததும் ஏறத் தொடங்குகிறது. புசல்லாவையில் குளிர் முதன்முதலாக உடம்பைத் தொடும். அதற்கப்பால் பாதையின் வலப்புறம் திடீரென்று நிலம் கீழே விழுந்துவிட்டதுபோல் ஒரு பள்ளத்தாக்கு விரிகிறது. அதன் அடியில் மலைகளின் நிழலைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது கொத்மலை நீர்த்தேக்கம். தவலந்தென்னைச் சந்தியில் இறங்கினால் ஒரு பாதை இறம்பொடை நீர்வீழ்ச்சியை நோக்கி மேலே செல்லும். மற்றொன்று பூண்டுலோயா வழியாகத் தலவாக்கலைக்குச் செல்லும். அச் சந்தியில் ஒரு தேநீர் அருந்தாமல் எவரும் வண்டி மாறுவதில்லை. அருந்தினால் ஏமாற்றமே கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகுக்கெல்லாம் தேயிலை அனுப்பும் மலைநாட்டில், சந்திக் கடைகளில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தூள் தேயிலைதான்.

பாடப்புத்தகத்தில் கொத்மலையைப் படித்த மாணவர்களுக்கு இரண்டு செய்திகள் நினைவிருக்கும். துட்டகைமுனு இளவரசன் தந்தையுடன் பிணங்கி மறைந்து வாழ்ந்த மலைப்புலம் இதுவென்பது ஒன்று. மகாவலித் திட்டத்தில் எழுந்த அணைக்கட்டு மற்றொன்று. 1979இல் தொடங்கிய வேலை 1985இல் முடிந்தது. சுவீடன் நாட்டு உதவியுடன், அந்நாட்டுப் பொறியியல் நிறுவனமாகிய ஸ்கன்ஸ்கா கட்டியது. கல்லைக் குவித்து எழுப்பிய அணை; உயரம் 87 மீட்டர்; நீளம் 600 மீட்டர். நிலத்தடி நிலையத்தில் 201 மெகாவாட் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்துக்காக நீரில் அமிழ்ந்தவை பழைய கண்டி இராச்சிய காலத்துக் கிராமங்கள், வயல்கள், விகாரைகள். குடிபெயர்ந்த சிங்களக் குடும்பங்களிற் சில மகாவலியின் வறண்ட நிலக் குடியேற்றங்களுக்குச் சென்றன. சில அண்மையிலுள்ள தேயிலை நிலங்களிலேயே குடியமர்த்தப்பட்டன. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் தலைகாட்டுவதுண்டு. நான் சென்றபோது தேக்கம் நிறைந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு அமைதியான நீரின் கீழே ஓர் ஊர் இருக்கிறது என்பதை நம்புவதற்குச் சற்று முயற்சி வேண்டியிருந்தது.

நண்பரின் வீடு நீர்த்தேக்கத்துக்கு மேலே, ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையை அடுத்த குவாட்டர்ஸ். அவர் அங்கே உதவி டீமேக்கர். கொழுந்து வாடுவதையும் புளிப்பதையும் மூக்காலேயே அளக்கும் மனிதர். இருபது ஆண்டுகளாகச் சிறுகதை எழுதி வருகிறார். மூன்று தொகுதிகள் வந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்த அவருடைய கதையொன்றைப் பாராட்டி நான் ஓர் அஞ்சலட்டை அனுப்பியதில் எங்கள் நட்பு தொடங்கிற்று. அவர் தம் கதைகளைத் தொழிற்சாலைப் பழைய படிவங்களின் பின்புறத்தில் எழுதுவார். ஒரு பக்கம் கொழுந்தின் இறாத்தல் கணக்கு; மறுபக்கம் கதை. எந்தப் பக்கத்தை முதலிற் படிப்பது என்று கேட்டு நான் அவரைக் கேலி செய்வதுண்டு.

2022இல் அவர் ஒரு நாவலை எழுதி முடித்து, முன்னுரை கேட்டு எனக்கு அனுப்பினார். நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்த ஆண்டு அது. எரிபொருள் இல்லை, பாடசாலைகளுக்குத் தாள் இல்லை. அந்த நிலையில் நான்கு தலைமுறைக் குடும்பக் கதையொன்றை ஒருவர் எழுதி முடித்தாரே என்று மகிழ்ந்திருக்க வேண்டியவன் நான். ஆனால் ஆசிரியத் தொழில் செய்வோருக்குச் சிவப்பு மையின்மேல் ஒரு மோகம் உண்டு. நாவலின் நடுவில் நான்கு அத்தியாயங்கள்: கதைத்தலைவனின் பாட்டனார் துரை பங்களாவில் அப்புவாக இருந்து, உபதேசியாரிடம் வேதம் படித்து, ஞானஸ்நானம் பெற்று, நத்தாருக்குக் கேக் சுட்டு வாழ்ந்த கதை. (பங்களாச் சமையற்காரரை அப்பு என்பது தோட்ட வழக்கு.) இவ்வத்தியாயங்களை நீக்கிவிடலாம் என்றும், மலையக மக்களின் வாழ்வு மாரியம்மன் திருவிழாவிலும் காமன் கூத்திலும் கொழுந்து மலையிலும் இருக்கிறதேயன்றிக் கேக்கிலும் கரோலிலும் இல்லை என்றும், இவை நாவலுக்கு அந்நியமாக நிற்கின்றன என்றும் எழுதினேன். எழுதியபோது மிகவும் நடுநிலையான விமர்சனம் என்றே எனக்குப் பட்டது.

மறுமொழியாக ஒரே ஒரு வரி வந்தது. "சேர், அப்படியானால் நான் எந்த ஊர்க்காரன்?" அதன்பின் கடிதமில்லை. தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் தொழிற்சாலையில் வேலை என்றார்.

இரண்டாண்டுகள் சென்றன. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாக எனக்குள் கேட்டுக்கொண்டேன். ஏற்கனவே அறிந்திருந்தும் மறந்திருந்த சில செய்திகள் நினைவுக்கு வந்தன. தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்வதற்கென்றே தமிழ்க் கூலி மிஷன் என்ற அமைப்பு 1854இல் தோன்றியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். மலைநாட்டுத் தமிழ் அச்சு நூல்களில் மிகப் பழையனவற்றுள் ஒன்றான 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யை இயற்றியவர் ஆபிரகாம் ஜோசப் என்னும் கிறிஸ்தவர். அது அச்சான 1869ஆம் ஆண்டிலேதான் கோப்பியை அழித்த இலைநோயும் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நூல் என்னவோ தொழிலாளர் பக்கம் நின்று பாடப்பட்டதன்று. தோட்டத்தின் மேற்படியில் நின்று கீழே பார்த்த பார்வை அது. இருந்தாலும் அது இந்த மண்ணின் நூல்.

இவற்றையெல்லாம்விட என்னை வெட்கப்படுத்திய பெயர் தெளிவத்தை ஜோசப். 1934இல் ஊவாவில் பிறந்து, தோட்டத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்து, அந்தத் தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் சூட்டிக்கொண்ட கத்தோலிக்கர். 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலையும் 'நாமிருக்கும் நாடே' என்ற தொகுதியையும் தந்தவர். ஒற்றை லயக்காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுவதும் படும் பாட்டைச் சொல்லும் அவருடைய 'மீன்கள்' என்ற கதையை நானே வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறேன். கொழும்பில் அவர் கணக்காளராக இருந்தது ஓர் இனிப்புப் பண்ட நிறுவனத்தில் என்பது சுவையான செய்தி. நண்பர் என்.எஸ்.எம். ராமையாவையும் அவரையும் தனித்தனியே நினைக்க இயலாது என்று அக்காலத்து எழுத்தாளர் சொல்வர். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இன்றும் மலையகச் சிறுகதையின் வாசற்படி. தம் கதைகளை மட்டும் பேணிக்கொண்டு ஜோசப் இருந்துவிடவில்லை. பழைய பத்திரிகைகளிற் சிதறிக் கிடந்த பிறர் கதைகளைத் தேடித் திரட்டி 1997இல் 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்னும் தொகுதிகளாகத் தந்தார். அவற்றின் வரலாற்றையும் 2000இல் நூலாக்கினார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது. 2022 அக்டோபரில் காலமானார். என் கடிதம் போனதும் அதே ஆண்டில்தான். அவருடைய மறைவுச் செய்தியைப் பத்திரிகையில் படித்த காலையில், இவர் எந்த ஊர்க்காரர் என்று என்னை எவரேனும் கேட்டிருந்தால் ஒரு நொடிகூட யோசித்திருக்கமாட்டேன்.

ஆகவே 2024 மார்கழியில் முன்னறிவிப்பின்றிப் புறப்பட்டுவிட்டேன். வாசலில் என்னைக் கண்ட நண்பர் ஒரு கணம் திகைத்தார். அவருடைய மனைவியார் முந்திக்கொண்டு, "வாங்க அண்ணா, நல்ல நேரத்தில வந்தீங்க, கை குறைவா இருக்கு" என்று ஒரு முட்டைக் கூடையை என் முன் வைத்துவிட்டார். சமாதானம் பேசுவதற்கு நான் வழிநெடுக மனப்பாடம் செய்து வந்த வாக்கியங்கள் அத்துடன் பயனற்றுப் போயின.

நத்தார்க் கேக் என்று இங்கே சொல்லப்படுவது, கடைகளில் நாம் காணும் மெத்தென்ற கேக் அன்று. அதில் கோதுமை மாவே இல்லை, ரவைதான். ரவையை இலேசாக வறுத்து வெண்ணெயிற் பிசறி வைக்கிறார்கள். ஓர் இறாத்தல் வெண்ணெய்க்கு இருபத்தைந்து மஞ்சட்கரு என்பது அந்த வீட்டுக் கணக்கு. பொடியாக நறுக்கிய கஜு, முந்திரிகை வற்றல், சுல்தானா, செரி, நீற்றுப்பூசணியைச் சீனிப் பாகில் ஊறவைத்துச் செய்த தோசி, இஞ்சித் தோசி, சவ்சவ் தோசி எல்லாம் கார்த்திகையிலேயே பிராந்தியிலும் தேனிலும் ஊறத் தொடங்கிவிடும். பின்னர் கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய், பன்னீர். ஐரோப்பியர் கொண்டுவந்த பண்டத்துக்குள் இலங்கையின் வாசனைச் சரக்கு முழுவதும் புகுந்துவிட்டது. வெட்டிய துண்டுகளைத் தனித்தனியே எண்ணெய்த் தாளிலும் வண்ணத் தாளிலும் பொதிந்து வைத்தால் வாரக்கணக்கிற் கெடாது; நாளாக நாளாகச் சுவை ஏறும் என்றும் சொல்கிறார்கள்.

பின்முற்றத்துப் போறணை செங்கல்லும் களிமண்ணும் கொண்டு நண்பரின் கையாலேயே கட்டப்பட்டது. உள்ளே விறகை எரித்து, கல் முழுவதும் சூடேறியபின் தணலை வெளியே இழுத்துவிட்டு, கேக் தட்டுகளை உள்ளே தள்ளி வாயைத் தகரத்தால் அடைக்க வேண்டும். சூடு சரிதானா என்பதை அறிய ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிவார்கள். மா உடனே கருகினால் பொறுத்திருக்க வேண்டும். மெல்லச் சிவந்தால் தட்டை வைக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யும் உரிமை நண்பரின் தாயாருக்கு மட்டுமே உண்டு. எழுபத்தெட்டு வயது. முக்காடிட்டு, சிறு பலகையில் போறணையின் முன் அமர்ந்திருந்தார். அவர்தான் நாவலில் வரும் அப்புவின் மகள்.

அம்மூதாட்டியிடம் நான் அதிகம் பேசத் துணியவில்லை. அவரே தொடங்கினார்.

"வாத்தியார் தம்பி, எங்கப்பா கேக்கு சுட்டது தொரைக்கு. ஓரம் வெட்டுனது லயத்துக்கு."

புரியாமல் விழித்தேன். அவர் விளக்கினார். துரைசாணிக்குக் கேக்கின் ஓரங்கள் நேராக இருக்க வேண்டும். ஆகவே சுட்டபின் நான்கு புறமும் சீவி எடுப்பது வழக்கம். சீவிய துண்டுகள் அப்புவுக்கு உரியவை. அவற்றை அவர் ஒரு விசுக்கோத்துத் தகரப் பெட்டியில் போட்டு லயத்துக்குக் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவருடைய காம்பரா வாசலில் மக்கள் வரிசையாக நிற்பார்கள். கேக்குக்காகவன்று, கடிதத்துக்காக. உபதேசியாரிடம் வேதம் படிக்கப் போய் எழுத்தறிந்தவர் அந்த லயத்தில் அவர் ஒருவரே. திருச்சிக்கும் சேலத்துக்கும் புதுக்கோட்டைக்கும் ஊர்க் கடிதங்கள், பிரஜாவுரிமை விண்ணப்பங்கள், பிறப்புச் சான்றுக்கு மனுக்கள். கந்தையாவுக்கும் எழுதுவார், காளியம்மாளுக்கும் எழுதுவார். கடிதம் எழுதி முடியும்வரை காத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தகரப் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு ஓரத்துண்டு.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு பின்னர் தீர்க்கப்பட்டது. சரித்திர வகுப்பில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி அழிக்கும் எனக்கு, ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒருவர் படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும் என்பது தோன்றியதேயில்லை. இந்த லயத்துக்கு நிரப்பியவர் அந்த அப்பு. போனவர்கள் நீலகிரியிலிருந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலுமிருந்து, அவருக்கு எழுதிய கடிதங்கள் அதே தகரப் பெட்டியில் சேர்ந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரை போனபின் கேக் சுடக் கட்டளையிடுவார் இல்லை. அப்பு தம் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்ந்தார். லயத்தில் ஏது போறணை? தாச்சியில் மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் தகரத்தை வைத்து, மூடியின்மேல் சிரட்டைத் தணலைக் கொட்டி, மேலும் கீழும் சூடு கொடுத்துச் சுட்டார்களாம்.

"இதெல்லாம் அவன் புஸ்தகத்துல எழுதியிருக்கானே, தம்பி நீங்க படிக்கலியா?" என்றார் மூதாட்டி.

படித்திருந்தேன். கடிதம் எழுதும் அந்தப் பகுதி, நான் நீக்கச் சொன்ன நான்கு அத்தியாயங்களில் மூன்றாவதில் இருந்தது. கேக், ஞானஸ்நானம் என்ற சொற்களைக் கண்டவுடன் என் கண் வேகமாக ஓடிவிட்டது போலும். போறணையின் வாயிலிருந்து வந்த வெப்பம் முகத்தில் அடித்தது வசதியாயிருந்தது.

நண்பர் அதுவரை ஒன்றும் பேசவில்லை. கேக் வேக இரண்டரை மணி நேரம் ஆகும் என்றும், அதற்குள் தொழிற்சாலையைப் பார்த்து வரலாம் என்றும் அழைத்தார். வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சேர்" என்றார். சிறிது தூரம் நடந்தபின், "கோபம் உங்கள்மேல் மட்டுமன்று, நானும் அந்த அத்தியாயங்களை எழுதும்போது பயந்து பயந்துதான் எழுதினேன். மதம் பரப்புகிறான் என்பார்களோ, துரை வீட்டுப் பெருமை பேசுகிறான் என்பார்களோ என்று. நீங்கள் அப்படியே எழுதிவிட்டீர்கள்" என்றார்.

எதிர் மலைச்சரிவைச் சுட்டிக் காட்டினார். அதன் அப்புறம் பூண்டுலோயா. அதனை அடுத்து வட்டகொடைப் பக்கத்தில் மடகொம்பரைத் தோட்டம். அங்கே 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். ஆங்கிலத்தில் எழுதித் தேயிலைத் தோட்டத்தை உலகறியச் செய்தவர். தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர். "சி.வி. ஆங்கிலத்தில் எழுதினார் என்று யாரும் அவரை அந்நியர் என்று சொல்லவில்லையே, சேர்" என்றார் நண்பர். எனக்கு மறுமொழி இல்லை. வாதத்தில் ஆசிரியரை மாணவர் வெல்வது போன்ற அந்த நிலை, சொல்லப்போனால், இதமாகவே இருந்தது.

நாவல் இன்னும் அச்சேறவில்லை. காரணம் நானல்லன், பணம். ஆண்டுதோறும் நத்தார்க் கேக் கட்டளைகளில் மிஞ்சும் தொகையில்தான் அவருடைய நூல்கள் இதுவரை அச்சாகியிருக்கின்றன. முன்னூறு பிரதிகள், நண்பர்களுக்கு நூறு, நூலகங்களுக்குச் சில, மீதி கட்டிலின் கீழ். நெருக்கடிக்குப்பின் வெண்ணெயும் முட்டையும் தாளும் சேர்ந்தே விலையேறின. மனைவியார் மூத்த மகளின் டியூஷனுக்கு ஒதுக்கிய பிறகுதான் அச்சுக்கு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அவர் சொல்வதில் தவறில்லை என்றே நான் நினைக்கிறேன். நண்பரும் அப்படித்தான் நினைக்கிறார். ஆனாலும் முகம் வாடியிருந்தது.

மாலையில் கேக் வெளியே வந்தது. மூதாட்டி ஓர் ஈர்க்கைக் குத்தி எடுத்துப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கென்று தனியே ஒரு சிறு தகரத்தில், முட்டையில்லாமல், தயிரும் வாழைப்பழமும் சேர்த்துச் சுட்டிருந்தார்கள். எப்போது செய்தார்கள் என்று நான் கவனிக்கவேயில்லை. உண்மையைச் சொன்னால் அது சற்றுக் கனமாகவும் நடுவில் வேகாமலும் இருந்தது. முழுவதையும் தின்றேன். இரவு தோட்டத்துச் சிற்றாலயத்திலிருந்து கரோல் குழு வந்தது. பாலன் குடிலுக்குத் தேயிலைக் கவ்வாத்துக் குச்சிகளால் கூரை வேய்ந்திருந்தார்கள். குழுவில் மத்தளம் வாசித்தவர் மாரியம்மன் கோயில் தப்புக் குழுவைச் சேர்ந்த இளைஞர் என்று பின்னர் அறிந்தேன்.

மறுநாள் புறப்படும்போது, பழைய விசுக்கோத்துத் தகரப் பெட்டியொன்று நிறைய எண்ணெய்த் தாளிற் பொதிந்த துண்டுகளைத் தந்தார்கள். அடியில் நாவலின் பிரதியொன்றும் இருந்தது. நான்கு அத்தியாயங்களும் அப்படியே இருந்தன. முன்னுரையைத் தைமாதம் எழுதி அனுப்பினேன். பெட்டியில் அரியதரமும் முறுக்கும் வைத்து என் மனைவி கூடவே அனுப்பினாள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர்கள் வீட்டிலும் இல்லை போலும். அதனால் அப்பெட்டி உயிர்த்த ஞாயிற்றுக்கு இங்கே வந்து, தீபாவளிக்கு அங்கே போவதற்குப் பதிலாக, என் சோம்பலால் எங்கள் வீட்டு அலுமாரியின்மேல் தங்கிவிட்டது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்தது. மண்சரிவுகளில் பாதைகள் அறுந்தன. பல உயிர்கள் மண்ணுக்குள் போயின. கொத்மலைக்கு மூன்று நாள் தொலைபேசி கிட்டவில்லை. நான்காம் நாள் அவரே பேசினார். வீட்டார் எல்லோரும் பாடசாலை மண்டபமொன்றில் இருந்தனர். வீடு நின்றது, போறணையின் பின்சுவர் சரிந்து களிமண் முற்றமெங்கும் பரவியது என்றார். அவ்வாண்டு கட்டளை எதுவும் எடுக்கவில்லை. நாவலைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே, "பிரதி உங்களிடம் இருக்கிறதல்லவா சேர்?" என்றார். இருக்கிறது என்றேன். பின்னர் தொலைபேசி அம்மூதாட்டியின் கைக்கு மாறியது. தாச்சியும் மணலும் இருந்தால் போதும், வீட்டுக்குத் திரும்பியதும் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கேக்காவது சுட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கி, "அந்தத் தகரப் பெட்டி ஒங்ககிட்டதானே தம்பி இருக்கு?" என்று கேட்டார்.

என் மனைவி அன்றே அதனை அலுமாரியின் மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்தாள்.